நூற்றுப் பதினாலாம் பக்கம்

இர்ஃபான் அந்தப் பக்கத்தை இரண்டாவது தடவை வாசிக்க ஆரம்பித்தபோது பூபதி தட்டில் இருந்த தேங்காய் பன்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நாலாகக் கீறி வைத்த பன். பேக்கரிக்காரர் கேட்காமலே நாலாகத்தான் கீறித் தருவார். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு தண்டபாணியின் மோட்டார் வைண்டிங் கடை மாடிக்கு நாலு பேர் ஏறிப்போவதும் ஏழு மணிக்கு இறங்கிப்போவதும் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும், மேலே என்ன செய்கிறார்கள் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. சீட்டாட்டம் என்று சிலர், ரோஸ்லின் வருவதால் ஜெபக்கூட்டம் என்று சிலர். உள்ளதைச் சொன்னால் அதையும் நம்பமாட்டார்கள்: கல்யாணம் காட்சி எல்லாம் பார்த்த ஆட்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, நான் சுவர் ஏறுகிறேன், நான் பூதத்தை வெட்டுகிறேன் என்று வாயாலேயே சொல்லிக்கொண்டு, வெட்டு விழுந்ததா இல்லையா என்று இருபது முகப் பகடையை உருட்டிப் பார்க்கிறார்கள். அந்த ஆட்டத்துக்கு நீளமான ஒரு ஆங்கிலப் பெயர் உண்டு, இவர்கள் இருபத்தோரு வருடமாகக் கோட்டை என்றுதான் சொல்கிறார்கள். பூபதி அதில் நடுவர். கதையை நடத்துகிறவன், பூதங்களுக்காகப் பேசுகிறவன், அட்டைத் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து யாருக்கும் தெரியாமல் பகடை உருட்டி முடிவை மட்டும் சொல்கிறவன். இப்போது அந்தத் தட்டிக்குத்தான் ஆபத்து. "நூத்திப் பதினாலாம் பக்கம், நல்லாக் கேளுங்கங்ணா," என்றான் இர்ஃபான், அவன் பல் டாக்டர், நோயாளியிடம் வாயைத் திறங்க என்று சொல்கிற அதே பொறுமை, "நாலாம் பதிப்புல இனி ரகசிய உருட்டல் கிடையாது. கடைசி மூச்சு உருட்டலை ஆட்டக்காரரே போடணும், மேசை நடுவுல, எல்லாரும் பாக்க." கடைசி மூச்சு. ஒரு பாத்திரம் சாகக் கிடக்கும்போது போடும் உருட்டல் அது. பத்தொன்பதோ இருபதோ விழுந்தால் பிழைக்கும், மற்ற எது விழுந்தாலும் அந்தப் பாத்திரத்தின் தாளைக் கிழித்துப் போட்டுவிட வேண்டும். எல்லாரும் பாக்க, எல்லாரும் பாக்க என்று பூபதிக்குள் அது சுற்றிச் சுற்றி வந்தது. பன்னில் ஒரு எறும்பு ஏறியிருந்தது. எடுத்து விடலாமா என்று யோசித்தான், விட்டுவிட்டான்.

"அதுமட்டுமில்லீங்ணா, இனி நடுவர்னே கிடையாது, வழித்துணைன்னு பேரு மாத்திட்டாங்க," என்று இர்ஃபான் சொல்ல, தண்டபாணி நாற்காலியில் பின்னால் சாய்ந்து, "வழித்துணையா? நாமென்ன பழனிக்குப் பாதயாத்திரையா போறோம்? அப்புறம் நடுவுல நீர்மோர் குடுப்பானா இவன்?" என்றான், ரோஸ்லின் சிரித்தாள், பூபதியும் சிரித்தான், சிரித்தது சரியான நேரத்தில்தானா என்று சந்தேகமாக இருந்தது. தண்டபாணி பழைய பதிப்புக்காரன். மூன்றாம் பதிப்பின் ஒளிநகல், நான்கு முறை ஸ்பைரல் மாற்றிய அது, அவன் மடியில் கிடந்தது. வார்னிஷ் வாடை அடிக்கும் புத்தகம், கீழே கடையில் மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றிய கையாலேயே இருபத்தோரு வருடம் புரட்டிய புத்தகம். தட்டியும் அவன் செய்ததுதான், பம்ப்செட் வந்த அட்டைப்பெட்டியை மூன்று மடிப்பாக வெட்டி. "பதிப்பு மாறட்டும், சட்டம் மாறட்டும், தட்டி எடுத்தா அது கோட்டை இல்ல, பரமபதம்," என்றான். "பூபதி எழுதுனானே, படிச்சியா இல்லியா நீ?" ஐயோ அதை ஏன் இழுக்கிறான் என்று பூபதி நினைக்கும்போதே இர்ஃபான் போனை எடுத்து வாசிக்கத் தொடங்கிவிட்டான். தமிழ்நாட்டில் கோட்டை ஆடுகிறவர்கள் எல்லாம் சேர்ந்த குழு ஒன்று இருக்கிறது, இருநூற்றுப் பன்னிரண்டு பேர், புதிய பதிப்பு வந்த நாளிலிருந்து அங்கே பெரிய ரகளை. புதுசு மரபைக் கொன்றுவிட்டது என்று ஒரு கட்சி, கிழடுகள் ஒதுங்குங்கள் என்று ஒரு கட்சி. பூபதி சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருக்க முடியாமல் ஒரு மத்தியானம், தான் பாடம் எடுக்கும் ஆய்வகத்தில் மாணவர்கள் ஊசலை ஆட்டி எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில், நாற்பது வரி எழுதிப் போட்டுவிட்டான். அதில் ஒரு வரி: தட்டிக்குப் பின்னால் உருளும் பகடைக்கு வேண்டியவர் வேண்டாதவர் தெரியாது. எண்பத்தாறு பேர் இதயம் போட்டார்கள். மதுரையில் ஒருவர் அதைச் சட்டையில் அச்சடித்திருப்பதாகப் படம் அனுப்பினார். சட்டை. அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு மனிதர் மதுரையில் எங்கேயோ டீ குடித்துக்கொண்டிருப்பார் இப்போது. அதை எழுதும்போது கை ஏன் தயங்கவில்லை? எவ்வளவு அழகாக வந்து விழுந்தது அந்த வரி. பொய் சொல்லும்போது மட்டும் தனக்கு நன்றாக எழுத வருகிறது என்று நினைத்தான். பொய் என்று முழுதாகவும் சொல்ல முடியாது. இருபத்தோரு வருடத்தில் ஆயிரக்கணக்கான உருட்டல்கள், அத்தனையும் நேர்மையானவை, ஒன்றைத் தவிர. பாலில் ஒரு சொட்டு மோர்தானே விழுந்தது என்று சமாதானம் சொல்லிக்கொள்வதற்குள் முழுப் பாலும் திரிந்துபோகிறது.

இர்ஃபான் போனை வைத்துவிட்டு, "அண்ணா எழுதுனது கரெக்ட்தான், ஆனா யோசிங்க, அங்காயி கதை தட்டி இல்லாம நடந்திருந்தா எப்படி இருந்திருக்கும்!" என்றான். வந்துவிட்டது. அங்காயி. ரோஸ்லினின் பாத்திரம், திருடி, மதில் ஏறுகிறவள். வெளிநாட்டுக்காரன் எழுதிய ஆட்டத்தில் எல்லோரும் வாயில் நுழையாத பெயர் வைத்துக்கொண்டிருந்த காலத்தில் அங்காயி என்று பெயர் வைத்து, வெற்றிலை போடுகிற திருடி என்றும் சேர்த்துக்கொண்டவள் ரோஸ்லின். இர்ஃபான் இந்த மேசைக்கு வந்து ஐந்து வருடம்தான் ஆகிறது, அவன் பார்க்காத கதையை அவன்தான் எல்லோருக்கும் சொல்கிறான்: வடகோட்டை மதில், நூற்றிருபது அடி, கயிறு அறுந்தது, அங்காயி கீழே, இருபதில் இரண்டே வாய்ப்பு, பூபதி அண்ணன் பகடையை உருட்டினார், பத்து நிமிஷம் பேசவில்லை, பிறகு எழுந்து நின்று பத்தொன்பது என்று கத்தினார். பத்து நிமிஷமெல்லாம் இல்லை. எழுந்தும் நிற்கவில்லை. மழை பெய்துகொண்டிருந்தது, ஆடி மாதம், ஜன்னலுக்கு சாக்கு கட்டியிருந்தார்கள். ரோஸ்லின் அன்று வருவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அவளுக்குப் பெண் குழந்தை பிறந்து, நாலு நாள் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டியில் இருந்து, போய்விட்டது. அதற்குப் பிறகு பதினோரு நாள் ஆகியிருந்தது. குடையை மூலையில் வைத்தாள், முடியைத் துடைத்தாள், ஆடலாமா என்றாள். என்ன சொல்வது என்று தண்டபாணிக்கும் தெரியவில்லை, பூபதிக்கும் தெரியவில்லை, இரண்டு தடியன்களும் தலையை ஆட்டிவிட்டு ஆட்டத்தை ஆரம்பித்துவிட்டார்கள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எப்படி இருக்கிறாய் என்றாவது. கேட்கவில்லை. கேட்காததற்குப் பதிலாகத்தான் அதைச் செய்தானோ என்று பிற்பாடு பல தடவை நினைத்திருக்கிறான், பஸ்ஸில், பல் துலக்கும்போது, மனைவி ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போது. கயிறு அறுந்தது. அவள் தட்டியைப் பார்த்தாள். தட்டியைத்தான் பார்த்தாள், அவனைப் பார்க்கவில்லை. "சொல்லு பூபதி," என்றாள். அந்தக் குரலில் ஆட்டமே இல்லை. மருத்துவமனை வராந்தாவில் நின்று கேட்கிற குரல் அது. பகடை உருண்டு, அட்டையில் முட்டி, நின்றது. ஏழு. ஏழு என்ற எண் எவ்வளவு சாதாரணமானது. ஒன்று விழுந்திருந்தால்கூட விதி என்று சொல்லியிருப்பானோ என்னவோ, ஏழில் ஒரு அலட்சியம் இருந்தது, இவள் யார் என்றே அதற்குத் தெரியவில்லை. பத்தொன்பது, என்றான். சொல்லிவிட்டுப் பகடையை விரலால் தொட்டு எடுத்தான். தண்டபாணி நாற்காலியையே தலைக்கு மேல் தூக்கிவிட்டான். ரோஸ்லின் மேசையில் தலையை வைத்து அழுதாள். பதினோரு நாளாக அழாதவள் என்று அவள் கணவன் பிறகு ஒரு தடவை சொன்னான். பூபதி தன் வீட்டில்கூட இதைச் சொன்னதில்லை; சொல்ல ஆரம்பித்தால் முதலில் இது என்ன ஆட்டம் என்று விளக்க வேண்டும்.

அதோடு முடிந்திருந்தால் தேவலை. இரண்டு வருடம் கழித்து மாசிலாமணி விழுந்தான். தண்டபாணியின் மந்திரவாதி, ஒன்பது வருடம் ஆடிய பாத்திரம், தாளின் ஓரமெல்லாம் நைந்து, ஒட்டு நாடா போட்டு ஒட்டி, பின்பக்கம் தண்டபாணியின் கோணல் எழுத்தில் மாசிலாமணி படித்த மந்திரங்கள், மாசிலாமணி சண்டை போட்ட ஊர்கள், மாசிலாமணிக்கு அடிவானத்துக்கு அப்பால் ஒரு தங்கை இருக்கிறாள் என்பதெல்லாம். தண்டபாணி சாதாரணமாகத் தன்னைப் பற்றி இரண்டு வாக்கியம் சேர்த்துப் பேசமாட்டான். பேசுவதெல்லாம் மாசிலாமணிதான் பேசினான். அன்று பகடை பதினேழு காட்டியது. இரண்டு குறைவு. பூபதி அந்தப் பதினேழைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பத்தொன்பது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் ஒரு தடவை செய்தது இரக்கம், இரண்டாவது தடவை செய்தால் அது பழக்கம் என்று ஏதோ ஒரு கணக்கு அந்த ஒரு நொடியில் அவனுக்குள் ஓடியது, தண்டபாணிக்கு என்ன குறை, கடை நன்றாக ஓடுகிறது, வீட்டில் எல்லோரும் சுகம், தாங்கிக்கொள்வான் என்றும் ஓடியது. பதினேழு என்றான். தண்டபாணி தாளை நீளவாக்கில் ஒரு தடவை, குறுக்குவாக்கில் ஒரு தடவை கிழித்தான். சட்டம் அது. மூன்று மாதம் அவன் ஆட வரவில்லை, கடையில் வேலை என்றான், தன் கடை மாடிக்கே வராமல் ஞாயிற்றுக்கிழமைகளில் கீழே ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். திரும்பி வந்தபோது சொன்னான், டைஸ் நேர்மையா இருந்துச்சு, எனக்கு அது போதும் என்று. அதற்குப் பிறகு யார் செத்தாலும் அதையே சொல்வான். இர்ஃபானின் முதல் பாத்திரம் செத்தபோது அவன் தோளில் தட்டி அதையே சொன்னான். பூபதி அந்த வாக்கியத்தை எப்படியோ பழகிக்கொண்டுவிட்டான், மாடிப்படியில் ஒரு படி உயரம் கூடுதலாக இருந்தால் கால் பழகிக்கொள்வதுபோல. பயமெல்லாம் ரோஸ்லினைப் பற்றித்தான் இருந்தது. அவளுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பது மட்டும்தான்.

"நான் சொல்லட்டுமா?" என்றாள் ரோஸ்லின். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். இந்த மேசையில் ஒரு வழக்கம் உண்டு: எதை மாற்றுவதானாலும் நாலு கையும் தூக்க வேண்டும், ஒரு கை தூக்காவிட்டாலும் பழையதுதான், நடுவர் கடைசியில்தான் பேச வேண்டும். இர்ஃபான் கை தூக்கியாகிவிட்டது. "பூபதி எழுதுனதை நானும் படிச்சேன், நல்லா எழுதியிருந்தே," என்றாள், அவன் தலையைக் குனிந்துகொண்டான், "ஆனா எனக்குப் புதுசுதான் வேணும். காரணம் சொல்றேன். அன்னைக்கு அந்தப் பத்தொன்பதை நான் பாக்கல. எனக்கு அந்த வருஷம் முழுக்க விழுந்த ஒரே நல்ல நம்பர் அதான். அதை நீ மட்டும் பாத்தே. நீ பாத்தா நான் பாத்த மாதிரிதான், உன்னை நான் சந்தேகப்படல, ஆனாலும் சில நாளு தூக்கம் முழிச்சுப் படுத்திருக்கும்போது அதை நினைச்சுப் பாப்பேன், அப்ப நம்பர் தெரியாது, அட்டைதான் தெரியும். பம்ப்செட் பேரு போட்ட அட்டை. கண்ணால பாத்திருக்கோணும். அவ்வளவுதான்." கையைத் தூக்கினாள். தண்டபாணி மோவாயைத் தடவினான். "நான் பழசுதான். ஆனா பூபதி சரின்னா எனக்கும் சரி. தட்டிக்குப் பின்னால உக்காந்தவன் அவன், அவனுக்குத்தானே தெரியும்." மூவரும் பூபதியைப் பார்த்தார்கள். சரி என்று சொல்லிவிடலாம். ஒரு சொல்தான். கையைத் தூக்கினால் தட்டி மடங்கிவிடும், பரணுக்குப் போய்விடும், அதோடு அந்த ஏழும் போய்விடும், இனி யாரும் கேட்கப்போவதில்லை, அவள் ஆசைப்பட்டதைக் கொடுத்த புண்ணியமும் சேரும். எவ்வளவு வசதி. நாற்பது வரி எழுதியவன் கட்சி மாறினான் என்று குழுவில் நாலு நாள் கிண்டல் செய்வார்கள், செய்யட்டும். ஆனால் இன்னொரு ஆடி மாதம் வந்தால்? இர்ஃபானுக்கு ஏதோ நேர்ந்து, அவன் வந்து குடையை மூலையில் வைத்து ஆடலாமா என்று கேட்டால்? மேசை நடுவில் எல்லோரும் பார்க்க ஏழு விழுந்தால் ஏழுதான். யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. பழையது நல்லது என்று அவன் சண்டை போட்டதெல்லாம் இதற்காகத்தான், பகடைக்காக இல்லை, பகடைக்கும் ஆளுக்கும் நடுவில் ஒரு அட்டை இருந்தது, அந்த அட்டைக்கு இந்தப் பக்கம் ஒரு மனுஷன் உட்கார்ந்திருந்தான், அதற்காக. இதைச் சொல்லவேண்டுமானால் அதைச் சொல்லவேண்டும். அதைச் சொல்லாமல் வேண்டாம் என்றால் அந்தச் சட்டை வாசகத்தையே திரும்பச் சொன்னவனாவான். டீயை எடுத்தான், ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது, குடித்தான். உன்னை நான் சந்தேகப்படல. அதைச் சொல்லாமல் இருந்திருக்கக் கூடாதா அவள்?

"எனக்குத் தட்டி வேணும்," என்றான். குரல் தன்னுடையதுதானா என்று இருந்தது. "ஆனா நான் எழுதுனது காரணம் இல்ல. நான் எழுதுனது பொய்." இர்ஃபான் சிரிக்கத் தயாரானான், முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "ரோஸ்லின், அன்னைக்கு விழுந்தது பத்தொன்பது இல்ல. ஏழு. அங்காயி செத்துட்டா. என்னால சொல்ல முடியல. தட்டி இருந்துச்சு, அதனால சொல்லாம விட முடிஞ்சுது. அதுக்காகத்தான் தட்டி வேணும்கறேன்." சொல்லி முடித்ததும் உடம்பு லேசாகும் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தான், அப்படி ஒன்றும் ஆகவில்லை, காதுக்குள் மட்டும் சூடாக இருந்தது. தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரோஸ்லின் தூக்கிய கையை இன்னும் இறக்கவில்லை, அதை மறந்துவிட்டவள்போல் இருந்தாள். "ஏழா?" என்றாள். "ஏழு." அவள் கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "பதினோரு வருஷமா அந்த நம்பருக்கு நான் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லிட்டிருக்கேன், பூபதி. கோயில்ல முட்டி போட்டு." அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள், கண் நிறைந்து வழிந்தது, துடைத்தாள், மறுபடி வழிந்தது. "அன்னைக்கு வீட்டுக்குப் போய் சோறு தின்னேன் தெரியுமா? ரசம் ஊத்தி. அது வரைக்கும் தண்ணிகூட இறங்கல." பிறகு, "அந்த நம்பரை ஆண்டவர்கிட்டருந்து நீ எனக்கு வாங்கிக் குடுத்தேன்னு வெச்சுக்கறேன். பொய்யனே," என்றாள், கடைசிச் சொல்லில் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. பூபதிக்கு மூச்சு வந்தது. முடிந்தது, இவ்வளவுதானா, இதற்கா இத்தனை வருடம் என்று நெஞ்சு இளகி, அழலாம்போல இருந்தது, ரோஸ்லினின் கையைப் பிடித்துக்கொள்ளலாம்போல இருந்தது, பன்னை எடுத்துச் சாப்பிடலாம்போலக்கூட இருந்தது.

"மாசிலாமணிக்கு?" என்றான் தண்டபாணி. மெதுவாகத்தான் கேட்டான். மடியில் இருந்த பழைய புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டான். பூபதிக்குக் கேள்வி புரியவே ஒரு நொடி ஆனது. "பதினேழு," என்றான். "நெசமாலுமா?" "நெசமாலும், தண்டபாணி. சத்தியமா." தண்டபாணி தலையை ஆட்டினான். அவனுக்கு அது ஆறுதலாக இருக்கும் என்று பூபதி நம்பினான், டைஸ் நேர்மையாக இருந்தது என்பதுதானே இவ்வளவு வருடமும் அவன் பிடித்துக்கொண்டிருந்தது. "அப்ப நெசம்தான்," என்றான் தண்டபாணி, ஸ்பைரல் கம்பியை விரலால் ஒவ்வொரு வளையமாகத் தள்ளிக்கொண்டே. "ரோஸ்லினுக்குப் பன்னெண்டு கூட்டிச் சொல்லியிருக்கே. சொல்லோணும்டா, அன்னைக்கு அவளுக்குச் சொல்லித்தான் ஆகோணும், நானா இருந்தாலும் சொல்லியிருப்பேன். எனக்கு ரெண்டுதானே குறைச்சல்." பூபதி பதினோரு வருடமாக ரோஸ்லினுக்கு என்று எத்தனையோ பதில்கள் தயார் செய்து வைத்திருந்தான், இவனுக்கென்று ஒன்றுகூட வைத்திருக்கவில்லை. இவன் தாங்கிக்கொள்வான் என்றல்லவா நினைத்தான். கீழே ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டு மூன்று மாதம் உட்கார்ந்திருந்தவனிடம் என்ன குறை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது இறங்கிப் போய்க் கேட்டிருக்கிறானா? தாண்டித்தான் ஏறிப்போனான், ஒவ்வொரு வாரமும். தண்டபாணி புத்தகத்தை மூடி மேசையில் வைத்துவிட்டு, காயில் சுற்றிச் சுற்றித் தடித்துப்போன தன் வலது கையைத் தூக்கினான். "இர்ஃபான், உன் நூத்திப் பதினாலாம் பக்கமே இருக்கட்டும். திறந்தே போடலாம்," என்றான். பிறகு பூபதி பக்கம் திரும்பினான். முகத்தில் கோபத்தைத் தேடிப் பார்த்தான் பூபதி, இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எல்லாருக்கும் ஒரே மாதிரி பொய் சொல்ல ஒரு மனுசனால ஆகாதுடா," என்றான் தண்டபாணி, "இனி நீ தனியாப் பாக்க வேண்டாம், விடு." பூபதி கையைத் தூக்கினான்.